கணக்கு நோட்டோடு கிராமத்துக்குப் போனவர்



போன காலாண்டில் நம் சங்கத்தின் சார்பில் ஒரு படிவம் கொடுத்தோம், நினைவிருக்கிறதா? நம் வளாகத்தில் வேலை செய்யும் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரின் குறைகளைத் தெரிந்துகொள்ள எடுத்த முயற்சி அது. மொத்தம் 18 கேள்விகள். தயாரித்தவன் நான்தான். திரும்பி வந்த எல்லாப் படிவத்திலும் ஒரே பதில்: குறை ஒன்றும் இல்லை. கமிட்டியில் நாங்கள் மகிழ்ந்துபோய் ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதமே இரண்டு அக்காக்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. பாதுகாப்புக்காக வெளியாட்களை இனி காலை 7 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவது என்று நாம் முடிவெடுத்திருந்தோம். அவர்கள் இருவரும் 8.30 மணிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். 6 மணிக்கு உள்ளே வந்தால்தான் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் பிடிக்க முடியும். என் 18 கேள்விகளில், இங்கிருந்து கிளம்பி எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை.

இந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். காந்தியப் பொருளாதாரம் என்றால் பள்ளிப் புத்தகத்தில் நாலு வரியில் வரும் பெயர் என்றுதான் நம்மில் பலர் அவரை நினைத்திருப்போம். மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு தமிழராக அவரை இந்த இதழில் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

கோட்டு சூட்டு போட்ட ஆடிட்டர்

குமரப்பா 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. வசதியும் படிப்பும் இருந்த வீடு. இளைஞராக லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். ஊர் திரும்பி பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். உடை, நடை, சாப்பாடு எல்லாமே வெள்ளைக்காரர் பாணிதான். கையில் ஒரு ஊன்றுகோல் கூட இருக்கும்.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி ஒரு கூட்டத்தில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரசாங்கம் வரியாக வாங்கும் பணம் எங்கே போகிறது, கொடுத்தவனுக்கு அதில் என்ன திரும்பி வருகிறது என்று ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்வது போலவே பிரிட்டிஷ் ஆட்சியின் கணக்கைப் புரட்டினார். அந்தக் கணக்குதான் அவரை மாற்றியது. மேடைப் பேச்சுகளால் அரசியலுக்கு வந்தவர் பலர். குமரப்பாவை இழுத்து வந்தது வரவு செலவுப் பட்டியல்.

இங்கே ஒரு பக்கச் செய்தியும் சொல்ல வேண்டும். குமரப்பா அமெரிக்காவில் இருந்த அதே ஆண்டுகளில், சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் இருந்த பெரிய தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத்தான் 1924-ல் தொடங்கினார்கள். விளக்கை மாற்றிப் பார்த்ததில் தெளிவான விடை எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் தொழிலாளர்களிடமே உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார்கள். முதலில் அவர்களும் தயார் செய்த கேள்விகளோடுதான் போனார்கள். தொழிலாளிகள் கேள்விக்கு வெளியே இருந்ததையே பேச விரும்பினார்கள். பிறகு கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். மனித நடத்தை பற்றிய இன்றைய தொழிலியல் படிப்புகள் எல்லாம் இந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. என் படிவம் தோற்றுப்போன விதமும் ஏறக்குறைய இதுதான்.

மரத்தடியில் ஒரு சந்திப்பு

ஆய்வை முடித்து இந்தியா திரும்பிய குமரப்பா, அதைப் புத்தகமாக்க வழி தேடினார். காந்தியிடம் காட்டும்படி நண்பர்கள் சொன்னார்கள். 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா ஊன்றுகோலில் சாய்ந்தபடி நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்து அந்தப் பெரியவரே, நீங்கள்தானே குமரப்பா என்று விசாரித்தபோதுதான் அது காந்தி என்று அவருக்குப் புரிந்தது. மடிப்புக் கலையாத உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

காந்தி அவருடைய கட்டுரையைத் தம் பத்திரிகையில் வெளியிட ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தின் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து, மக்களின் பொருளாதார நிலையை நேரில் ஆராய்ந்து சொல்ல வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்கள் உதவுவார்கள் என்றார் காந்தி. ஆனால் வித்யாபீடத்தின் பொறுப்பில் இருந்த காகா காலேல்கர் தயங்கினார். மொழி தெரியாத, கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கிராமத்தில் என்ன செய்யப் போகிறார் என்ற சந்தேகம் நியாயமானதுதானே? குமரப்பா பம்பாய்க்கே திரும்பிவிட்டார். பிறகு கடிதம் போட்டுத்தான் அவரை மறுபடி வரவழைத்தார்கள்.

அந்த ஆண்டில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றுக்கொண்டார். கதர் உடுத்தத் தொடங்கினார். பின்னாளில் வேட்டியையும் பைஜாமாவையும் கலந்து தமக்கென்று ஒரு உடையையே வடிவமைத்துக்கொண்டார். நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும் என்றுதான் சொல்கிறேன். கட்டுவதும் சுலபம், வேலை செய்வதும் சுலபம் என்ற கணக்கு அதில் இருந்தது.

54 கிராமங்கள்

கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகா. 1929 கடைசியில் குமரப்பாவும் வித்யாபீட மாணவர்களும் அங்கே போனார்கள். அந்த நேரத்தின் சூட்டை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முந்தைய ஆண்டில்தான் பர்தோலியில் நிலவரி உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடி வென்றிருந்தார்கள். இவர்களால் வரி கட்ட முடியும் என்பது அரசாங்கத்தின் கட்சி. முடியாது என்பது விவசாயிகளின் கட்சி. 

குமரப்பா 54 கிராமங்களை எடுத்துக்கொண்டார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, வீட்டில் எத்தனை பேர், விளைச்சல் என்ன, விற்றது என்ன, சாப்பிட்டது என்ன, வரி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விவரம் சேகரித்தார்கள். தாலுகா அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவரிடம் போய், உங்களுக்குக் கஷ்டமா என்று கேட்டால், தன்மானம் உள்ள யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நேற்று என்ன சமைத்தீர்கள், எண்ணெய் எங்கே வாங்கினீர்கள், அதற்குக் காசு எப்படி வந்தது என்று கேட்டால் பதில் தானாக வரும். வரவையும் செலவையும் எழுதிக் கூட்டிப் பார்க்கும்போது இரண்டும் பொருந்தாத இடம் ஒன்று வரும். அந்த இடைவெளியில்தான் கடனும், விற்றுப்போன மாடும், ஒரு வேளையாகக் குறைந்த சாப்பாடும் ஒளிந்திருக்கும். நம்மிடம் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். குறை உண்டா என்பது கேட்பதற்கு மிகச் சுலபமான கேள்வி. அதனால்தான் அதற்கு மிகச் சுலபமான பொய்ப் பதில் கிடைக்கிறது.

1930 மார்ச்சில் காந்தி தண்டிக்குப் புறப்பட்டபோது ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது. அறிக்கை 1931-ல் வெளிவந்தது. விவசாயியின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் நிலவரி தாங்கக்கூடியதா என்ற கேள்விக்கு, வீட்டுக் கணக்கோடு ஒரு பதில் கிடைத்தது. அதற்குள் குமரப்பா காந்தியின் பத்திரிகையை நடத்தும் பொறுப்புக்கு வந்து, சிறைக்கும் போய்விட்டார்.

கிராமத்துக்கு மாணவர்களை அனுப்பி ஆராய்ந்தவர் குமரப்பா மட்டும் இல்லை. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பாகவே தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதச் செய்து, 1918-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். குமரப்பாவின் தனித்தன்மை, தெரிந்துகொண்டதோடு நிற்காமல் அதன்படி தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டதில் இருக்கிறது.

காந்திக்கே கணக்குக் கேட்டவர்

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். நாடு முழுவதிலிருந்தும் நிவாரண நிதி குவிந்தது. அந்தக் கணக்கைப் பார்க்க குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தார். காந்தி தம் குழுவினரோடு அங்கே வந்தபோது அவர்களுடைய செலவு அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. நிவாரண நிதியிலிருந்து அதைத் தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்திக்குக் கோபம் வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் அவருக்கு நிம்மதிதான்.

பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் எந்தச் சங்கத்தின் பொருளாளரும் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்து ஆராய்ந்தார்கள். மண்ணெண்ணெய் வாங்கக் காசு இல்லாத வீட்டுக்காகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் உருவாக்கினார்கள். செக்கு ஓட்டுபவர் எங்கே குனிகிறார், மாடு எங்கே திணறுகிறது, எந்த இடத்தில் எண்ணெய் வீணாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒரு செக்கைத் திருத்த முடியாது. ஓவர்லாக் மிஷினுக்கும் கைமடிக்கும் இடையில் எத்தனை அடி இருந்தால் துணி தேங்காது என்று நம் ஊர் சூப்பர்வைசருக்குத் தெரியுமே, அது மாதிரி அறிவு.

திருப்பூருக்கும் இதில் பங்கு உண்டு. பனியன் கம்பெனிகள் பெருகுவதற்கு முன் நம் ஊரின் பெயரை நாட்டுக்குத் தெரியவைத்தது கதர். அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இயங்கியது. சுற்றுப்பட்ட கிராமங்களில் பெண்கள் நூற்ற நூல் இங்கே வந்து சேர்ந்தது. 1935-ல் காந்தி ஒரு கேள்வியை எழுப்பினார்: மலிவாகக் கதர் விற்பதற்காக, நூற்கும் பெண்ணுக்கு வயிறு நிறையாத கூலி கொடுப்பது சரியா? வாழ்வதற்குப் போதுமான கூலி என்ற கொள்கையை நூற்போர் சங்கம் ஏற்றது. துணி விலை ஏறும், விற்பனை குறையும் என்ற பயம் பலருக்கு இருந்தது. பீஸ் ரேட் பற்றி ஒவ்வொரு முறை பேச்சுவார்த்தை நடக்கும்போதும் இதே பயத்தை, இதே கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம்மில் சிலர் மேசைக்கு இந்தப் பக்கமும் சிலர் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவர்கள்தான்.

606 கிராமங்களும் ஒரு சிறைச்சாலையும்

1938-ல் மத்திய மாகாணத்தின் காங்கிரஸ் அரசாங்கம், கிராமத் தொழில்களை ஆராயும் குழுவுக்கு குமரப்பாவைத் தலைவராக்கியது. இந்த முறை 606 கிராமங்கள். அதன் பிறகு வடமேற்கு எல்லை மாகாணத்துக்கும் போய் ஆராய்ந்தார். தஞ்சாவூர்க்காரருக்கு குஜராத்தியும் தெரியாது, பட்டாணியர் பேச்சும் தெரியாது. தெரியாதவனாகப் போனதுதான் அவருக்கு உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் கேட்பதில்லை. நான் திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன, சனிக்கிழமைச் சம்பளம் எப்படிக் கரையும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் நானும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

1942 போராட்டத்தில் மறுபடியும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய புத்தகம் நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1945-ல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது. மனிதர்கள் பிழைக்கும் விதங்களை அதில் இயற்கையிலிருந்து உதாரணம் காட்டி வகைப்படுத்துகிறார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தோப்புக்குள் புகுந்து தான் வைக்காத பழத்தைத் தின்னும் குரங்கு ஒரு வகை. கூட்டுக்காக உழைக்கும் தேனீ ஒரு வகை. பதில் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை உயர்ந்த வகை. எடுத்ததை மண்ணுக்கும் மனிதனுக்கும் திருப்பிக் கொடுக்காத எந்தத் தொழிலும் நீடிக்காது என்பது அவர் கருத்து. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், அதன் விளைவாக 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நம் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததையும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக நாடு முழுவதும் சுற்றினார். 1949-ல் வந்த அறிக்கை, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையில் இடைத்தரகர் கூடாது என்றது. அதில் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கியது. தொழிற்சாலையை எதிர்ப்பவர், காலத்துக்கு ஒவ்வாதவர் என்று அவரை ஒதுக்கியவர்கள் அதிகம். பெரிய ஆலைகளை அவர் பார்த்த பார்வையில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. பின்னலாடைத் தொழில் இல்லாவிட்டால் இந்த ஊரும் இல்லை, இந்தக் குடியிருப்பும் இல்லை, நானும் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ அவர் வீட்டு வாசலில் போய்த் தொடங்க வேண்டும் என்ற அவருடைய பழக்கத்தை மறுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

கல்லுப்பட்டிக் குடில்

கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல் தளர்ந்திருந்தது. இருப்பிடம் சிறியது, சாமான்கள் அதைவிடக் குறைவு. 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி இறந்த அதே தேதியில், தமது 68-ஆவது வயதில் காலமானார்.

அந்தக் குடிலில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன என்பார்கள். ஒன்று காந்தி. மற்றது ஒரு சாதாரண ஏழைக் கிராமத்து மனிதர். வந்தவர்கள் யார் என்று விசாரித்தால், காந்தி தம் எஜமானர் என்றும், மற்றவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்றும் விளக்குவாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். நுழைவு நேரத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. அதையும் பேசுவோம். அதற்கு முன்பாக இந்த முறை படிவம் கிடையாது. வரும் இரண்டு வாரங்கள், மாலையில் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேப்பமரத்தடியில் ஒரு நோட்டோடு உட்காரப் போகிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பது இரண்டாவது. மற்றதை அவர்கள் சொல்லட்டும்.

கூட உட்கார இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது. வேலைக்கு வரும் அக்காக்கள் அவரிடம் தயக்கமில்லாமல் பேசுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கத் தயாராக இருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். டீச் செலவு என்னுடையது, சங்கக் கணக்கில் வராது.